வெயிலை நம்பி ஸ்லிக் போடாதீர்கள்

“மெட்ராஸ் வெயிலுக்கு டயர் எங்கேப்பா ஆறும்? தார் ரோடே கொதிக்குது. டயரைச் சூடேற்றும் வார்மர் எல்லாம் குளிர் ஊர்க்காரனுக்கு.” சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டே நடக்கிற நாளில், கார்கள் நிற்கும் பேடாக்கில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழுந்துவிடும். சொல்பவர் சில வருடங்களாக டிராக்குக்கு வந்துபோகிறவர். கேட்டுக்கொண்டிருப்பவர் ஒரு செட் ஸ்லிக், அதாவது பள்ளமில்லாத பந்தய டயர், வாங்கிக் காரின் பின்சீட்டை மடக்கி அடுக்கி எடுத்து வந்த புதியவர். முதலாமவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொல்கிறார். அதனாலேயே இந்தத் தவறான நம்பிக்கை கேள்வி கேட்பாரில்லாமல் ஆளுக்கு ஆள் பரவுகிறது.

வெயில் பேச்சுக்கு அடியில் இன்னொரு நம்பிக்கை படுத்திருக்கிறது. ஸ்லிக்கில் கிரிப் அதிகம், கிரிப் அதிகமென்றால் பாதுகாப்பும் அதிகம், ஆகவே டிராக்குக்கு வர நினைப்பவர் முதலில் செய்ய வேண்டிய செலவு ஸ்லிக்தான் என்பது அது. இரண்டையும் மறுக்கிறேன். வார இறுதியில் டிராக் ஓட்டும் சாதாரணக் காருக்கு, ஓட்டுபவர் புதியவராக இருக்கும்வரை, நல்ல சாலை டயரைவிட ஸ்லிக் ஆபத்தானது. சென்னை வெயில் இந்த ஆபத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். சரியான சூட்டில் இருக்கும் ஸ்லிக்கின் பக்கத்தில் எந்தச் சாலை டயரும் வர முடியாது. பள்ளம் வெட்டாத வழவழப்பான முகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு அதிகம். நீர் வடிய வாய்க்கால் வேண்டாம், நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டாம் என்பதால் கலவையைப் பிடிப்பு ஒன்றுக்காகவே செய்யலாம். இவ்வளவும் சரி. “சரியான சூட்டில்” என்ற நிபந்தனையைத்தான் பேடாக் பேச்சு விழுங்கிவிடுகிறது.

ரப்பர் தாரைப் பிடிப்பது எப்படி? தாரின் மேல்முகம் வழவழப்பானது அல்ல. ஜல்லியின் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். டயரின் ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி அமுங்கி, உருமாறி, மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது எதிர்ப்பு உண்டாகிறது. இதோடு ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு ஒட்டிக்கொள்வதும் சேர்கிறது. இரண்டும் ரப்பரின் வெப்பத்தைப் பொறுத்தவை. ஆறியிருக்கும்போது ரப்பர் விறைப்பாக இருக்கிறது, ஜல்லியின் இடுக்குகளுக்குள் இறங்குவதில்லை, மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. சாலை டயரின் கலவை காலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும் நிமிடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்படுவது. ஸ்லிக்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கார் ஸ்லிக்குகளில் பலவும் ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேலை செய்யவென்றே வடிவமைக்கப்படுகின்றன. கலவைக்குக் கலவை இந்த எண் மாறும். எந்தக் கலவையிலும் அது 35 டிகிரி இல்லை.

இப்போது நம் வெயிலுக்கு வருவோம். கோடை நடுப்பகலில் சென்னைத் தார் 50 டிகிரியைத் தாண்டும், மறுக்கவில்லை. ஆனால் டிராக் டேயின் முதல் செஷன் நடுப்பகலில் தொடங்குவதில்லை, காலையில் தொடங்குகிறது. தை மாதக் காலையில் சென்னையிலும் 21, 22 டிகிரிதான். சரி, மே மாத மதியம் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்லிக் எங்கே இருந்தது? பந்தல் நிழலில், அல்லது பிட் கராஜுக்குள். நிழலில் 36, 37 டிகிரி இருந்தால் டயரும் அதே 36, 37-இல்தான் இருக்கும். தேவைப்படும் சூட்டுக்கு இன்னும் பாதித் தூரத்துக்கு மேல் போக வேண்டும். வெயிலில் கிடத்தி வைத்தாலும் ஒரு பக்கம்தான் காயும். நிழல் பக்கம் அப்படியே இருக்கும். வெயில் உதவவே உதவாது என்று நான் சொல்லவில்லை. 10 டிகிரிக் குளிரில் தொடங்குவதைவிட 36-இல் தொடங்கினால் ஒரு சுற்று மிச்சமாகும். ஆனால் குளிர் ஊரில் மார்ச் மாதக் காலையில் டிராக்குக்குள் நுழைபவருக்கு டயர் ஆறிக் கிடக்கிறது என்று உடம்பே சொல்லிவிடும், பயந்து ஓட்டுவார். நம் ஊரில் ஓட்டுபவருக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊற்றுகிறது, உட்காரும்போது சீட் சுடுகிறது. தனக்குச் சுட்டால் டயருக்கும் சுடும் என்று நினைத்துக்கொள்கிறார்.

கையை வைத்துப் பார்த்தால் டயர் சூடாகத்தானே இருக்கிறது என்பார்கள். கை தொடுவது தோலை. பந்தய அணிகள் டயரின் வெப்பத்தை எப்படி அளக்கின்றன என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். கார் பிட்டுக்குள் வந்து நின்றதும் ஒருவர் மண்டியிட்டு, ஊசி முனை கொண்ட அளவியை ரப்பருக்குள் சில மில்லிமீட்டர் செருகுகிறார். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று ஒரு டயருக்கு மூன்று இடம். எண் நிலைக்கும்வரை காத்திருந்து குறித்துக்கொண்டு அடுத்த டயருக்கு ஓடுகிறார். துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சுடும் அகச்சிவப்பு அளவி கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு? அது தோலை மட்டுமே படிக்கும். தோலின் சூடு அடுத்த வளைவிலேயே ஏறும், அடுத்த நேர்ரோட்டிலேயே இறங்கும். டயர் நம்பகமாக நிற்பது அதன் உடல் முழுக்க, உள்ளே இருக்கும் நூலடுக்கும் காற்றும் ரிம்மும் சேர்ந்து, சூடேறிய பிறகுதான். மேலே பொன்னிறமாகி உள்ளே மாவாக இருக்கும் பணியாரத்தை வெந்துவிட்டது என்று யாரும் தட்டில் வைப்பதில்லை.

காற்றழுத்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும். சூடான நிலையில் 27 பிஎஸ்ஐ வேண்டும் என்று டயருக்குச் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏறினால் மொத்த அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சூட்டில் 27 காட்ட வேண்டுமானால் ஆறிய நிலையில் 20 வைத்துக் கிளம்ப வேண்டும். அதாவது முதல் சுற்றுகளில் ரப்பர் விறைப்பு மட்டுமல்ல, காற்றும் குறைவு. பக்கச்சுவர் நெளியும், ஸ்டியரிங் திருப்பினால் கார் யோசித்துத் திரும்பும். ஓட்டுபவருக்கு இது பிடிக்காது. இறங்கி வந்து, ஆறிய டயரிலேயே 27 ஏற்றிக்கொள்கிறார். நான்கைந்து சுற்றில் அது 35-ஐத் தொடுகிறது. டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. கடைசியில் இவர் ஆறிய டயரிலும் சரியாக ஓட்டவில்லை, சூடான டயரிலும் சரியாக ஓட்டவில்லை. பங்க்சர் கடையில் ‘முப்பது வை’ என்று சொல்லிப் பழகிய கைக்கு இந்த விளையாட்டு புதிது.

“அதான் வளைச்சு வளைச்சு ஓட்டிச் சூடு பண்ணுவோமே” என்பது அடுத்த பதில். டிவியில் ஃபார்முலா ஒன் கார்கள் பந்தயம் தொடங்கும் முன் பாம்பாக நெளிவதைப் பார்த்து வந்த பழக்கம் இது. அந்தக் கார்களின் டயர்கள் மின்போர்வைக்குள் சூடேற்றப்பட்டு வெளியே வந்தவை. அவர்கள் நெளிவது இருக்கிற சூடு இறங்காமலிருக்கவும், ஒட்டிய குப்பையை உதிர்க்கவும். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஹேட்ச்பேக்கை நெளித்தால் தோல் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். டயரின் உடலைச் சூடாக்குவது பளு. நேர்ரோட்டில் அழுத்தமாக பிரேக் பிடிப்பதும், அழுத்தமாக ஆக்சிலரேட்டர் கொடுப்பதும் அந்தப் பளுவைத் தரும். பிரேக் தட்டின் சூடு ரிம் வழியாக டயருக்குள் இருக்கும் காற்றுக்கும் போகும். நெளிந்து ஓட்டினால் பின்னால் வருபவரைக் குழப்புவதுதான் மிச்சம்.

சூடேற்றும் வேலையே எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1992-இல் அமெரிக்காவில் நடந்த இண்டியானாபொலிஸ் 500 கார்ப் பந்தயத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. கடும் குளிர் நாள். மணிக்கு 232 மைல் சராசரி வேகத்தில் தகுதிச் சுற்றை முடித்து முதலிடத்தில் நின்றவர் ராபர்ட்டோ கெரேரோ. பச்சைக் கொடி விழுவதற்கு முன்பே, அணிவகுப்புச் சுற்றில், டயரைச் சூடாக்க வேகமெடுத்தபோது கார் சுழன்று சுவரில் மோதியது. பந்தயத்தில் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் அன்றைய மிக வேகமான மனிதர் வீட்டுக்குப் போனார். அன்று பல விபத்துகள், அவற்றில் நிறைய மஞ்சள் கொடிக்குப் பின் பந்தயம் மறுபடி தொடங்கிய நேரங்களில். ரிக் மியர்ஸ், எமர்சன் ஃபிட்டிபால்டி, மரியோ ஆண்ட்ரெட்டி என்று அந்தப் பந்தயத்தை முன்பே வென்றிருந்தவர்களே நொறுங்கிய கார்களிலிருந்து இறங்கினார்கள். வெற்றி வித்தியாசம் 0.043 வினாடி என்பதால் அந்த வருடத்தை அல் அன்சர் ஜூனியரின் வெற்றிக்காகவே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். டிராக் டே ஓட்டுபவர்கள் நினைவு வைக்க வேண்டியது கெரேரோவை.

“அமெரிக்காவில் இன்னும் வார்மர் இல்லாமல்தானே ஓட்டுகிறார்கள்?” ஆமாம், ஓட்டுகிறார்கள். அதே வேலையாகப் பிறந்து வளர்ந்தவர்கள் ஓட்டுகிறார்கள். தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் அது எளிதல்ல என்பதை 2023 காட்டியது. உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் அந்த வருடம் டயர் சூடேற்றும் கருவிகளைத் தடை செய்தார்கள். ஏப்ரல் இறுதியில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பந்தயம். லெ மான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்றிருந்த பிரெண்டன் ஹார்ட்லி, தகுதிச் சுற்றுக்காக வெளியே வந்த முதல் சுற்றிலேயே ராடியோன் ஏற்றத்தில் டொயோட்டாவை நொறுக்கினார். மறுநாள் பந்தயத்தில் ஆறிய டயரோடு பிட்டிலிருந்து வெளியேறிய அன்டோனியோ ஃபுவோகோவின் ஃபெராரி, கெமல் நேர்ரோட்டில் கட்டுப்பாட்டை இழந்தது. வளைவில் அல்ல, நேர்ரோட்டில். சில வாரம் கழித்து நடந்த லெ மான்ஸ் நூற்றாண்டுப் பந்தயத்துக்கு மட்டும் தடையைத் தளர்த்தி, சூடேற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். ஹார்ட்லிக்கும் ஃபுவோகோவுக்கும் வழுக்கிய டயர், வாரமெல்லாம் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஓட்டிவிட்டு ஞாயிறு டிராக்குக்கு வருபவருக்கு மட்டும் அடங்கி நடக்குமா?

இனி, இந்த விவாதத்தில் யாரும் பேசாத, ஆனால் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் விஷயம். நம் டிராக்குகளில் ஓடும் சாதாரணக் கார்கள் எவை? சுவிஃப்ட், போலோ, ஐ20. எல்லாம் முன்சக்கர இயக்கம். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் முன்னால், எடையில் பெரும்பங்கு முன்னால். இழுப்பது முன் டயர், திரும்புவது முன் டயர், பிரேக்கில் பெரும்பாடு படுவதும் முன் டயர். பின் டயர்கள் பெரும்பாலும் சும்மா உருண்டு வருகின்றன. ஆகவே இரண்டு சுற்றில் முன் டயர்கள் சூடேறிவிடுகின்றன, பின் டயர்கள் நாலைந்து சுற்றானாலும் மந்தமாகவே கிடக்கின்றன. ஓட்டுபவருக்குச் செய்தி வருவதோ ஸ்டியரிங் வழியாக, அதாவது முன் டயரிலிருந்து. ‘ஆஹா, கிரிப் வந்துவிட்டது’ என்று ஸ்டியரிங் சொல்கிறது. அவர் நம்பி, வேகமான ஒரு வளைவுக்குள் முந்தைய சுற்றைவிட வேகமாக நுழைகிறார். நடு வளைவில் கொஞ்சம் அதிகம் போய்விட்டோமோ என்று தோன்ற, கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து எழுகிறது. எடை முன்பக்கம் சாய்கிறது. ஏற்கெனவே லேசாக இருந்த பின்பக்கம் இன்னும் லேசாகிறது. ஆறிய பின் டயர் விட்டுவிடுகிறது. கார் பின்பக்கமாகச் சுழன்று மண்ணுக்குள் போகிறது. இறங்கி நின்று அவர் சொல்வது: “டயர் நல்லாப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு, எப்படின்னே தெரியலை.” முன் டயரைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை.

இதே காரில் நான்கு சக்கரத்திலும் சாலை டயர் இருந்திருந்தால்? முன்பக்கமும் பின்பக்கமும் முதல் சுற்றிலேயே ஏறக்குறைய ஒரே பிடிப்பில் இருந்திருக்கும். வளைவில் கத்த ஆரம்பித்திருக்கும். சாலை டயரின் பெரிய குணமே அந்தக் கத்தல். எல்லை நெருங்குவதை வெகு முன்பே சொல்லிவிடும், எல்லை தாண்டினாலும் மெதுவாகத்தான் வழுக்கும். ஸ்லிக் அவ்வளவு பேசுவதில்லை. பிடித்துக்கொண்டே இருந்து சட்டென்று விடும், அதுவும் அதிக வேகத்தில். ‘முதல் சுற்று பார்த்து ஓட்டினால் போதும், டயர் என்ன செய்கிறது என்று உணர்ந்துகொள்ளலாம்’ என்ற அறிவுரையின் ஓட்டை இதில் இருக்கிறது. உணரத் தெரிந்தவருக்கு அந்த அறிவுரை தேவையில்லை. தெரியாதவருக்கு எந்தச் சத்தமும் கொடுக்காத டயரை மாட்டிவிட்டு உணரச் சொல்வதில் நியாயமில்லை.

பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஜெர்மனியின் சாக்ஸன்ரிங்கில் வரிசையாக இடப்பக்க வளைவுகளை முடித்துவிட்டு, பதினோராவதாக ஒரு வேகமான வலப்பக்க வளைவு வரும். அதற்குள் டயரின் வலது ஓரம் ஆறியிருக்கும். மோட்டோஜிபி வீரர்கள் அங்கே விழுந்துகொண்டே இருக்கிறார்கள். உலகின் தலைசிறந்தவர்கள், சூடேற்றிக் கிளம்பிய டயர்கள், பந்தயத்தின் நடுவில். ஒரே டயரில் ஒரு ஓரம் கொதிக்கும்போது மறு ஓரம் ஆறியிருக்க முடியும் என்பது இரண்டு சக்கரத்தில் எலும்பின் கணக்கு.

சரி, எந்த ஸ்லிக்கைப் பற்றிப் பேசுகிறோம்? நம் ஊர் அமெச்சூர் பலர் புதுசு வாங்குவதில்லை. பந்தய அணிகள் ஓட்டிக் கழித்ததைப் பாதி விலைக்கு வாங்குகிறார்கள். ‘இன்னும் ரப்பர் நிறைய இருக்கு சார்’ என்று விற்பவர் காட்டுவது உண்மைதான், ரப்பர் இருக்கும். ஆனால் சூடேறி ஆறுகிற ஒவ்வொரு முறையும் கலவை கொஞ்சம் இறுகுகிறது. அணி அதைக் கழித்ததற்குக் காரணமே அதுதான். அந்த டயரை மறுபடி எழுப்பப் புதியதைவிட அதிகச் சூடு வேண்டும், அதை எழுப்ப வேண்டிய காரோ பந்தயக் காரைவிட மெதுவானது. இறுகிய ஸ்லிக்கும் மென்மையான சஸ்பென்ஷனும் சேர்ந்தால் நாள் முழுக்க ஆறிய டயரிலேயே ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள், தெரியாமலே.

இவ்வளவும் எதற்காக? இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், ஒரு ஹேட்ச்பேக்குக்குச் சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பதினைந்து நிமிட செஷன் என்றால் ஆறு, ஏழு சுற்று. முதல் இரண்டு மூன்று சூடேற்ற, கடைசி ஒன்று எஞ்சினையும் பிரேக்கையும் ஆற்ற. மிச்சம் மூன்று சுற்று. நடுவில் யாராவது மண்ணில் இறங்கிச் சிவப்புக் கொடி விழுந்தால் அதுவும் போச்சு, பிட்டில் வரிசையில் நிற்க நிற்க டயரின் சூடு இறங்கும். அடுத்த செஷனுக்கு இடையே முக்கால் மணி நேரம். டயர் மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் ஓட்டுபவர் சூடாக இருக்கிறார், காலையைவிடத் தைரியமாக முதல் வளைவுக்குள் போகிறார். என்னைக் கேட்டால் டிராக் டேயின் மிக ஆபத்தான சுற்று காலை முதல் செஷனில் இல்லை, இரண்டாவது செஷனின் முதல் சுற்றில் இருக்கிறது.

அந்த மூன்று சுற்றில் நேரம் சில வினாடி குறையும், வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளலாம். ஓட்டும் திறமை குறையுமா கூடுமா என்று கேளுங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தையும் வளைவுக்குள் நுழையும் கோட்டையும் தப்பாக வைத்திருப்பவரின் தப்பைச் சூடான ஸ்லிக் மூடி மறைத்துவிடும். சாலை டயர் கத்திக் காட்டிக்கொடுக்கும். பணக் கணக்கும் உண்டு. நம் ஊர் மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் கிளெய்ம் கேட்டு எங்கே போவீர்கள்?

ஸ்லிக்கே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். சாலை டயரில் எல்லை எதுவென்று பார்த்து, அதைத் தாண்டி, காரைத் திரும்பப் பிடிக்கத் தெரிந்தவர் போடட்டும். போடுபவர் ஊசி அளவியும் நல்ல பிரஷர் கேஜும் வாங்கட்டும். முதல் இரண்டு சுற்று நேர்ரோட்டில் பிரேக்கும் ஆக்சிலரேட்டருமாகச் சூடேற்றட்டும். முன்சக்கர இயக்கமென்றால் பின் டயருக்காக இன்னும் ஒரு சுற்று காத்திருக்கட்டும். ஒவ்வொரு செஷனையும் முதல் செஷனாகவே நினைக்கட்டும். வடகிழக்குப் பருவமழை நாளில் ஈரம் ஒரு திட்டு கண்டாலும் ஸ்லிக்கைக் கழற்றிவிட வேண்டும், அதற்கு வாதமே தேவையில்லை.

டிராக் டே நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹெல்மெட் இருக்கிறதா, டோ ஹுக் இருக்கிறதா, பேட்டரி இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று வரிசையில் நிறுத்திப் பார்க்கிறீர்கள். அந்த வரிசையிலேயே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இது உங்களுக்கு எத்தனையாவது டிராக் டே? முதல் முறை என்று சொல்பவரின் காரில் ஸ்லிக் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு, ஓட்டி வந்த சாலை டயரை மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வரும். வரட்டும், கழற்றச் சொல்லுங்கள்.